டி.சி.க்குக் கையெழுத்துப் போடும் முன்: ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பள்ளி உரிமைகள்

ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதோ, பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் முன்போ, ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பெற்றோரைப் பள்ளியிலிருந்து கூப்பிட்டு அனுப்புவார்கள். பேச்சு தன்மையாகத்தான் இருக்கும். “இவனுக்கு இங்கே கஷ்டம், ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க, இல்லேன்னா ஓப்பன் ஸ்கூலில் எழுதட்டும்.” கூடவே ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, ‘சொந்தக் காரணத்துக்காக டி.சி. கேட்கிறேன்’ என்று எழுதித் தரச் சொல்வார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு வரி இருந்தால், பிறகு எந்த அதிகாரியிடம் போனாலும் “நீங்களே கேட்டு வாங்கினீங்களே” என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அனுப்ப நினைக்கிற பள்ளி, காரணத்தைத் தன் கைப்பட எழுதித் தரட்டும்.

தினமும் வகுப்புக்குப் போகாமல் படித்துத் தேர்வு எழுதும் திறந்தநிலைப் பள்ளி (ஓப்பன் ஸ்கூல்) சில பிள்ளைகளுக்கு நன்றாகவே பொருந்தும். அதை முடிவு செய்ய வேண்டியது பிள்ளையும் வீடும்தான். பள்ளியின் நூறு விழுக்காடு தேர்ச்சிக் கணக்கு அதை முடிவு செய்யக் கூடாது.

சட்டத்தில் தெரிந்துவைக்க வேண்டியது கொஞ்சம்தான். கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. பள்ளிகள் சரியாக அந்த வயதில் கைகழுவப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கே நிற்பதில்லை. அதன் 31ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது. 16ஆம் பிரிவு அரசுப் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி இரண்டையும் கட்டுப்படுத்தும். பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், அந்தப் பிள்ளைக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்து தர வேண்டும், விளையாட்டு, பொழுதுபோக்கு எல்லாவற்றிலும் மற்றவர்களோடு சமமாக வாய்ப்புத் தர வேண்டும். ஆண்டு விழாவன்று “அவனை லீவு போடச் சொல்லுங்க” என்பதும், சுற்றுலாப் பட்டியலில் பெயரை விடுவதும் இந்தப் பிரிவுக்கு எதிரானவை. பலருக்கு இது தெரியாது. பாடம் மட்டும்தான் உரிமை, மற்றதெல்லாம் பள்ளி காட்டும் கருணை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

இனி காகிதங்கள். தனியார் மருத்துவர் தந்த அறிக்கை எத்தனை பக்கம் இருந்தாலும் அதை வைத்துச் சலுகை கிடைக்காது. மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் பதிந்து, அரசு மருத்துவக் குழு பார்த்துத் தரும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைதான் கணக்கு. படிவங்களில் ஆட்டிசம் என்று தேடினால் சில இடங்களில் கிடைக்காது. ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று அரசு மொழியில் இருக்கும். பிள்ளைகளைக் காயப்படுத்தும் சொல் அது. ஆனாலும் அந்தக் கட்டத்தில்தான் குறியிட வேண்டியிருக்கிறது.

அந்த அட்டைக்காக மருத்துவக் குழு நடத்தும் முகாமில் என்ன தவறுகிறது? பிள்ளை அன்று அமைதியாக உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்லிவிடும். “நல்லாத்தானே பேசுறான்” என்று அனுப்பிவிடுவார்கள். இந்தியாவில் ஆட்டிசத்தை அளக்கப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 40 கேள்விகள் உள்ளன. மதிப்பெண் 70 ஆனாலே ஆட்டிசம் என்றுதான் கொள்ள வேண்டும். அந்தக் கேள்விகளுக்குப் பெற்றோர் சொல்லும் விவரமும் சேர்த்தே பதில் எழுதப்படுகிறது. ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள். சிறு வயது முதலான அறிக்கைகள், வகுப்பாசிரியர் எழுதிய ஒரு பக்கக் கடிதம், வீட்டில் சத்தம் தாங்காமல் நிலைகுலையும்போது எடுத்த இரண்டு மூன்று நிமிட வீடியோ ஆகியவை கையில் இருக்கட்டும். அன்று உளவியலாளர் இல்லை என்றால் “சென்னைக்குப் போங்க” என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு, எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதி வாங்காமல் பேருந்து ஏறாதீர்கள். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையங்கள் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் என்று சிலர் திருப்பி அனுப்புவதுண்டு. அவை 18 வயது வரைக்குமானவை.

அட்டை கைக்கு வந்ததும் மூன்றைப் பாருங்கள். ஆட்டிசம் என்று இருக்கிறதா, அல்லது வெறுமனே அறிவுசார் குறைபாடு என்று போட்டுவிட்டார்களா? தற்காலிகச் சான்று என்றால் எந்த மாதம் காலாவதியாகிறது? பத்தாம் வகுப்பு நடுவில் முடிவதாக இருந்தால் ஒன்பதிலேயே புதுப்பித்துவிடுங்கள். மூன்றாவதாகப் பெயர். ஆதாரில் இனிஷியல் பின்னால், பிறப்புச் சான்றில் முன்னால், பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவான எமிஸில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் விண்ணப்பம் நிற்கும் இடம் அதுதான். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக்குங்கள். எமிஸ் பதிவில் பிள்ளை மாற்றுத்திறனாளி என்றும், எந்த வகை என்றும் ஏற்றியிருக்கிறதா என்று வகுப்பாசிரியரைத் திரையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். “ஏத்தியாச்சு” என்ற வாய்வார்த்தை போதாது.

பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கு அதே 2016 சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்படை. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணித் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதல். விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாக, மாவட்டக் கல்வி அலுவலகம் கடந்து, அரசுத் தேர்வுகள் இயக்ககம் போய் ஆணையாகத் திரும்ப வேண்டும். பல விண்ணப்பங்கள் தலைமையாசிரியர் மேசையிலேயே கிடக்கின்றன. சுற்றறிக்கை வரட்டும் என்பார்கள். நீங்கள் ஜூன் மாதமே கொடுத்து, நகலில் தேதியும் பள்ளி முத்திரையும் வாங்குங்கள். பத்தாம் வகுப்புக்கு வாங்கிய ஆணை பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்லும் என்று இருந்துவிடாதீர்கள். மறுபடி விண்ணப்பியுங்கள்.

சலுகை கிடைத்தும் பிள்ளை தேர்வில் தடுமாறுவது உண்டு. சொல்வதை எழுத வருபவர் முன்பின் தெரியாத ஆசிரியர். ஆட்டிசம் உள்ள பிள்ளை புது முகத்திடம் விடையை வாய்விட்டுச் சொல்லாது. அதனால் ஒன்பதாம் வகுப்புக் காலாண்டிலிருந்தே வேறு வேறு ஆசிரியர்கள் எழுத, தனி அறையில் தேர்வு வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். குறைந்தது ஐந்தாறு தேர்வாவது இப்படிப் பழக வேண்டும். எழுதுபவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே சந்திக்க அனுமதி கேளுங்கள். மத்திய அரசின் 2018 வழிகாட்டு நெறிமுறை இதைச் சொல்லியிருக்கிறது. பறக்கும் படை திடீரென உள்ளே வரும், மற்றவர்கள் எழுந்து போனபின்னும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள்.

தினப்படி வாழ்க்கைக்கு ஒரே ஒரு பக்கக் கடிதம் போதும். ‘கவனித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. ஐந்தாறு கோரிக்கைகள், ஒவ்வொன்றும் செய்தார்களா இல்லையா என்று பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். மணிக்கும் சத்தமிடும் மின்விசிறிக்கும் தள்ளி, கதவோரம் இடம். இரண்டு பீரியடுக்கு ஒரு முறை பத்து நிமிடம் நூலகத்தில் இருக்க அனுமதி. பீரியட் மாறினாலோ ஆசிரியர் விடுப்பிலோ காலையிலேயே சொல்வது. வீட்டுப்பாடம் பலகையில் எழுதிப் போடுவது. டை, அடையாள அட்டைக் கயிறு கழுத்தை உறுத்தினால் விலக்கு. எல்லாவற்றையும்விட, பதற்றம் வந்தால் யாரிடம் போவது என்று ஓர் ஆசிரியரின் பெயர். யாரிடம் வேண்டுமானாலும் வரலாம் என்று சொன்னால் இந்தப் பிள்ளை யாரிடமும் போகாது.

நட்பும் தானாக அமைந்துவிடாது. “எல்லாரும் இவனோடு பழகுங்க” என்று வகுப்பில் அறிவித்தால் பிள்ளை காட்சிப்பொருளாகிவிடும். மதிய உணவு இடைவேளைதான் இவர்களுக்கு மிகக் கடினமான நேரம். யாரோடு, எங்கே உட்காருவது என்று தெரியாது. பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்ததில், சதுரங்கமோ, நூலக அடுக்கோ, பள்ளித் தோட்டமோ, ஒரு நிலையான வேலையும் அதே வேலையில் இன்னும் இருவரும் இருந்தால் பேச்சு மெல்லத் தொடங்கும். விளையாட்டு பீரியடில் ஓரமாக உட்கார வைக்காமல் ஸ்கோர் எழுதும் பொறுப்பையாவது கொடுக்கச் சொல்லுங்கள். 16ஆம் பிரிவு கல்வி வளர்ச்சியோடு சமூக வளர்ச்சியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடிதத்தில் அதை எழுதுங்கள்.

சில தனியார் பள்ளிகள் துணை ஆசிரியரை உங்கள் செலவில் வைத்தால்தான் பிள்ளை வரலாம் என்கின்றன. வேண்டிய உதவியைத் தருவது பள்ளியின் கடமை. சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகளில் சிறப்பாசிரியர் கட்டாயம். உங்கள் பள்ளியில் அவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால், கல்வித் துறை வட்டாரந்தோறும் நடத்தும் வட்டார வள மையத்துச் சிறப்பு பயிற்றுநர் வருவார். ஒருவரே பல பள்ளிகளைப் பார்ப்பதால் அவர் வரும் நாள்களின் அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளையை ‘வீட்டுவழிப் பயிற்சி’யில் சேர்த்துவிடச் சம்மதிக்காதீர்கள்.

“இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க” என்ற தொலைபேசி அழைப்பை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாரம் இரண்டு முறை நடந்தால், பொதுத்தேர்வுக்கு வேண்டிய 75 விழுக்காடு வருகையை அது தின்றுவிடும். ஒவ்வொரு முறையும் அழைத்தது யார், எத்தனை மணிக்கு, என்ன காரணம் என்று நோட்டில் குறித்து, அன்றே பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். “இவன்தான் அடிச்சான்” என்றால் அதற்கு முந்தைய பத்து நிமிடம் நடந்ததைக் கேளுங்கள். சீண்டியவர்களை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், திருப்பி அடித்தவனை எல்லாரும் பார்த்திருப்பார்கள். பிள்ளையிடம் “இன்னைக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டால் பதில் வராது. “லஞ்ச்சில் பக்கத்தில் யார் உட்கார்ந்தது?” என்று கேளுங்கள்.

அலைச்சலைக் குறைக்க, எதற்கு எங்கே போக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அட்டையும் உதவித்தொகையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். சிறப்பு பயிற்றுநர் வட்டார வள மையம். பள்ளி மறுத்தால் முதன்மைக் கல்வி அலுவலர். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் சிவில் நீதிமன்ற அதிகாரம் அவருக்கு உண்டு. மனுவில் நீங்கள் பள்ளிக்குக் கொடுத்த கடிதங்களின் முத்திரையிட்ட நகல்களைத் தேதி வரிசையில் இணைத்து, ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள்.