கீவேர்ட்: திறவுச்சொல்லா, தேடுசொல்லா?

யாழ்ப்பாணத்தில் கடையோ கல்வி நிலையமோ நடத்தும் ஒருவர் தமக்கென இணையத்தளம் ஒன்றை அமைக்க முன்வரும்போது, வடிவமைப்பாளரிடம் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, ‘என்னென்ன கீவேர்ட் போடப் போறீங்கள்?’ என்பதாகும். இணையத்தில் ஒரு பக்கத்தைத் தேடிக் கண்டடைய உதவும் சொல்லையே கீவேர்ட் (keyword) என்கின்றார்கள். இக்கேள்வியில் வரும் ‘போடுதல்’ என்ற வினை கவனிக்கத்தக்கது. கீவேர்ட் என்பது தளத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் செருகிவிடவேண்டிய பொருள் என்றும், அதைச் செருகத் தெரிந்தவரே கூகுளின் முதற் பக்கத்துக்குத் தளத்தைக் கொண்டுவரக்கூடியவர் என்றும் நிலவும் எண்ணம் அந்த ஒரு வினைக்குள் அடங்கியிருக்கின்றது. அவ்வெண்ணம் ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாக இருந்தது. இன்று அது உண்மையன்று. சொல்லின் வரலாற்றையும் தமிழில் அதற்கு வழங்கும் பெயர்களையும் பார்த்தால், மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்பது புலப்படும்.

ஆங்கிலத்தில் ‘கீ’ என்பது பூட்டைத் திறக்கும் கருவி. அதன் வழியே, விளங்காத ஒன்றை விளங்கவைப்பதும் ‘கீ’ ஆயிற்று. நிலப்படத்தின் குறிவிளக்கத்தையும் வினாத்தாளுக்கான விடைப்பட்டியலையும் ஆங்கிலேயர் அச்சொல்லாலேயே அழைப்பர். மறையெழுத்துக் கலையில், அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட இரகசியச் சொல் ‘கீவேர்ட்’ எனப்பட்டது. அதை அறியாதவருக்கு மடல் வெறும் எழுத்துக் குவியலே. நூலகவியலாளர் இச்சொல்லை எடுத்தாண்டபோது பொருள் சற்று நகர்ந்து, ஒரு நூலின் அல்லது கட்டுரையின் உள்ளடக்கத்தை எட்டுவதற்கு வழிவிடும் சொல் என்றாயிற்று.

கணினியோடு இச்சொல்லை இறுகப் பிணைத்தவர் ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன். 1950களின் இறுதியில் அவர் உருவாக்கிய சொல்லடைவு முறையில், கட்டுரைத் தலைப்புகளைக் கணினியே சொல் சொல்லாகப் பிரித்து, பொருட்சிறப்பில்லாத சிறுசொற்களை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய ஒவ்வொரு சொல்லையும் நடுவே நிறுத்தி, அதன் முன்னும் பின்னும் வரும் சொற்களையும் காட்டி அகரவரிசையில் அடுக்கியது. கீவேர்டைத் தனியே பிய்த்தெடுக்காமல் அதன் சூழலோடு காட்டவேண்டும் என்பதே அந்த முறையின் உயிர்நாடி. பின்னர் 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர், ஒரு சொல் எவ்வளவு அதிகமான ஆவணங்களில் வருகின்றதோ அவ்வளவுக்கு ஓர் ஆவணத்தை மற்றதிலிருந்து பிரித்தறிய உதவும் அதன் வலிமை குறையும் என்பதைக் கணக்காக்கிக் காட்டினார். ‘மாம்பழம்’ என்பது ஆயிரமாயிரம் பக்கங்களில் வரும். ‘கறுத்தக்கொழும்பான்’ என்ற மாம்பழ வகையின் பெயர் சிலவற்றில்தான் வரும். ஆகவே, பின்னதைத் தேடுபவருக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று முடிவெடுப்பது தேடுபொறிக்கு எளிது.

1990களில் இணையத் தேடுபொறிகள் தோன்றியபோது, பக்கத்தின் தலைப்பகுதியில் வாசகருக்குத் தெரியாதபடி கீவேர்டுகளை எழுதிவைக்க ஒரு குறிநிரல் (meta tag) வழங்கலாயிற்று. எழுதுபவர் நேர்மையானவர் என்ற நம்பிக்கையில் அமைந்த ஏற்பாடு அது. நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. பக்கத்துக்குத் தொடர்பே இல்லாத சொற்களை நூற்றுக்கணக்கில் அதற்குள் திணிக்கத் தொடங்கினார்கள். கூகுள் தன் தரவரிசையில் அக்குறிநிரலைப் பொருட்படுத்துவதில்லை என்று 2009 செப்டெம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது. அப்படியிருந்தும், ‘கீவேர்ட் போட்டுத் தருகிறோம்’ என்று தனிக்கட்டணம் கேட்பவர்கள் இன்னமும் இருக்கின்றார்கள். அந்தக் கட்டணத்தைக் கொடுக்கவேண்டியதில்லை.

இதற்கிடையே சொல்லின் பொருள் மறுபடியும் நகர்ந்தது. 2000ஆம் ஆண்டில் கூகுள் தன் விளம்பரச் சேவையைத் தொடங்கியதும், பாவனையாளர் தேடல் பெட்டியில் எதைத் தட்டினால் தம் விளம்பரம் தோன்றவேண்டும் என்று வணிகர்கள் குறித்துக் கொடுத்த தொடர்களும் கீவேர்ட் எனப்பட்டன. லூனுடைய காலத்தில் ஆவணத்துக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட சொல், இப்போது தேடுபவரின் வாயிலிருந்து வருவதாகக் கருதப்படும் சொல்லாயிற்று. வடிவமைப்பாளரும் கடைக்காரரும் இன்று கீவேர்ட் என்று கதைக்கும்போது பெரும்பாலும் இந்தப் பிந்திய பொருளிலேயே கதைக்கின்றார்கள்; ஆனால், மனத்தில் இருக்கும் படம் முந்திய, மறைவாகச் செருகும் கீவேர்டின் படமாக இருக்கின்றது.

தமிழில் இதற்குத் ‘திறவுச்சொல்’, ‘குறிச்சொல்’, ‘முக்கிய சொல்’, ‘தேடுசொல்’ எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. அவற்றுள் ‘திறவுச்சொல்’ ஆங்கிலத்தின் நேர்பெயர்ப்பு. ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கத்துக்குக் கீழே தரப்படும் சொற்களுக்கு அது பொருத்தமானது. அங்கே சொல்லைத் தெரிவு செய்பவர் கட்டுரையாளர், அச்சொல் கட்டுரைக்குள் நுழைய வழி திறக்கின்றது. இணையத்தளத்தில் அதே பெயரைப் பாவிப்பதில் ஓர் இடர் உண்டு. கணக்குக்குள் நுழையத் தட்டும் இரகசியச் சொல்லுக்குக் ‘கடவுச்சொல்’ என்ற பெயர் நிலைத்துவிட்டமையால், ‘திறவுச்சொல்லை எழுதுக’ என்ற குறிப்பைக் காணும் பொதுமகன் தன் இரகசியச் சொல்லைக் கேட்கின்றார்கள் என்றே எண்ணுவான். ‘குறிச்சொல்’ பதிவுகளை வகைப்படுத்த ஒட்டும் அடையாளத்துக்கு ஏற்கனவே பழகிவிட்டது. அதை அதற்கே விட்டுவிடுவது நல்லது. ‘முக்கிய சொல்’ பொருள் நீர்த்துப்போன பெயர். யாருக்கு முக்கியம் என்பதை அது சொல்வதில்லை.

‘தேடுசொல்’ என்பதே இவ்விடத்துக்கு உரியது என்பது என் முடிவு. ‘தேடுபொறி’யைப் போலவே அதுவும் வினைத்தொகை, தேடிய சொல், தேடுகின்ற சொல், தேடும் சொல் என முக்காலமும் அதனுள் கரந்து நிற்கின்றன. ஏற்கனவே மக்கள் எதைத் தட்டினார்கள், இனி எதைத் தட்டுவார்கள் என்ற இரண்டையும் எண்ணிப் பார்க்கவேண்டிய தொழிலுக்கு இதைவிடப் பொருந்திய அமைப்பு கிடைப்பது அரிது. ஒருவர் ஒற்றைச் சொல்லைத் தட்டாமல் ‘கொக்குவிலில் வாடகைக்கு வீடு’ என்று தட்டினால் அதைத் ‘தேடுதொடர்’ எனலாம். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்து மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீனும் அவருடைய மாணவர்களும் கலைச்சொற்களை ஆக்கிப் பழக்கப்படுத்திய மண் இது. பொருத்தமான சொல் கிடைத்தால் எடுத்துப் பாவிப்பதற்கு இங்கே தயக்கம் வேண்டியதில்லை.

பெயர் மாறினால் செய்கையும் மாறுகின்றது. தேடுசொல் தேடுபவருடையது என்று கொண்டால், தள உரிமையாளர் முதலில் செய்யவேண்டியது, தம் வாடிக்கையாளர் எச்சொல்லை வழங்குகின்றார் என்று கேட்டறிவதே. ‘கீ’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் அது ‘திறப்பு’, தமிழ்நாட்டில் ‘சாவி’. சாவி போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல் என்பதும், 1619 முதல் 1658 வரை போர்த்துக்கேயர் நேரே ஆண்ட யாழ்ப்பாணத்தில் ‘திறப்பு’ நிலைத்திருக்க அது தமிழ்நாட்டில் வேரூன்றியது என்பதும் ஒரு வேடிக்கை. இப்போது பூட்டும் திறப்பும் செய்து கொடுக்கும் கடை ஒன்றுக்குத் தளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். ‘சாவி’ என்று மட்டும் எழுதினால், ‘திறப்பு’ என்று தட்டும் ஊரவரின் சொல் பக்கத்தில் எங்குமே இராது. ‘திறப்பு’ என்று மட்டும் எழுதினால், பாலம் திறப்பு, கட்டடத் திறப்பு விழா என்ற செய்திகளின் வெள்ளத்துக்குள் பக்கம் அமிழ்ந்துபோகும். ஆகவே ‘பூட்டுத் திறப்பு வெட்டிக் கொடுக்கும் கடை, யாழ்ப்பாணம்’ என்பதுபோல் பொருளைக் கட்டிப்பிடிக்கும் அண்டைச் சொற்களோடு தலைப்பை அமைத்து, உள்ளே ஓரிடத்தில் ‘சாவி தொலைந்தாலும்’ என்று இயல்பாக எழுதிவிட்டால் இரு சாராருக்கும் வழி உண்டாகும். ஒரு பொருள் குறித்த பல சொல்லும், பல பொருள் குறித்த ஒரு சொல்லும் என்று தொல்காப்பியம் திரிசொல்லை இரண்டாகப் பகுத்துச் சொன்ன சிக்கலும் இதுவேயாகும்.

காணி விற்பனைத் தளங்களில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரியும். இங்கே ‘காணி’ என்றும் ‘பரப்பு’க் கணக்கிலும் சொல்வதைத் தமிழ்நாட்டார் ‘மனை’ என்றும் ‘சென்ட்’ என்றும் சொல்வர். ‘காணி’ என்பதற்கு எண்பதில் ஒரு பங்கு என்ற பழைய கணக்குப் பொருளும் உண்டு. வாங்குபவர் தொறொன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து தேடும் யாழ்ப்பாணத்தவர் என்றால் அவர் ‘காணி’ என்றே தட்டுவார். தமிழ்நாட்டுத் தளம் ஒன்றின் சொற்களைப் பார்த்து ‘மனை விற்பனைக்கு’ என எழுதிவைத்தால் அவர் அப்பக்கத்தைக் காண்பது அரிது. கல்வி நிலையங்களுக்கு இடர் எழுத்துக்கூட்டலில் இருக்கின்றது: ரியூசன், டியூசன், டியூஷன் என ஒரே சொல் பல வடிவில் வழங்குகின்றது; ‘உயர்தரம்’ என்பதை மாணவர் ‘ஏ எல்’ என்று தட்டுகின்றார்கள்; ஊர்ப்பெயரை ‘யாழ்’ என்று சுருக்குவோரும், உரோமன் எழுத்தில் தட்டுவோரும் பலர். எல்லா வடிவங்களையும் பக்கத்தின் அடியில் வரிசையாகக் கொட்டிவிடுவது விடையன்று. அது திணிப்பு என்றே கொள்ளப்படும், வாசிப்பவருக்கும் அருவருப்பைத் தரும். தலைப்பில் ஒரு வடிவம், துணைத்தலைப்பில் இன்னொன்று, பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கான விடையில் மற்றொன்று எனப் பரவவிடுவதே முறை.

வேற்றுமை உருபும் புணர்ச்சியும் தமிழுக்கே உரிய தொல்லைகள். ‘யாழ்ப்பாணம்’ வாக்கியத்துக்குள் போனதும் ‘யாழ்ப்பாணத்தில்’, ‘யாழ்ப்பாணத்திலிருந்து’ என்று உருமாறுகின்றது. ‘திறப்பு கடை’ என்று தட்டப்படுவது சரியாக எழுதினால் ‘திறப்புக் கடை’ ஆகின்றது. தேடுபவர் தட்டும் பிழையான வடிவத்தைத் தளத்தில் அப்படியே எழுதவேண்டும் என்று சிலர் ஆலோசனை கூறுவர். அதை நான் ஏற்பதில்லை. பக்கத் தலைப்பில் பெயரை உருபேற்காத எழுவாய் வடிவில் நிறுத்தி, உடற்பகுதியில் இலக்கணம் கேட்கும் வடிவில் எழுதினாலே பெரும்பாலான வடிவங்கள் தாமாக வந்து அமைந்துவிடும்.

இவ்வளவும் பயன்படுவதற்கு எழுத்து, ஒவ்வொரு மொழியின் எழுத்துகளுக்கும் தனிக் குறியீடு தரும் ஒருங்குறியில் (யுனிகோட்) இருக்கவேண்டும். இங்குள்ள அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துரு நெடுங்காலம் கோலோச்சியது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டும் எழுத்துரு அது. அதில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்கு நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பழைய துண்டுப்பிரசுரத்தின் வாசகத்தை மாற்றாமல் தளத்தில் ஒட்டினால், தேடுபொறி அதைத் தமிழென்றே அறியாது. ‘ஔடதம்’ என்பதன் முதலெழுத்தை ‘ஒ’வும் ‘ள’வுமாகத் தட்டும் பழக்கமும் இப்படிப்பட்டதே: பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும், தேடலில் வேறாகும். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் ஏற்றிவைப்பவர் அதே விபரத்தை எழுத்திலும் தரவேண்டும்.

தேடுசொல் இடம்பெறவேண்டிய இடங்கள் பல அல்ல. பக்கத்தின் தலைப்பு (தேடல் முடிவில் தெரிவது), முதன்மைத் தலைப்பு (பக்கத்துக்குள் மேலே தெரிவது), முதற் பந்தி, படத்துக்குரிய மாற்றுரை (படத்தை விளக்கும் எழுத்து), பிற பக்கங்களிலிருந்து இப்பக்கத்தைச் சுட்டும் இணைப்பின் வாசகம் ஆகியவை போதும். ‘இங்கே சொடுக்கவும்’ என்று இணைப்பை எழுதுவது வாய்ப்பை வீணாக்குவது; ‘காணி விலைப்பட்டியல்’ என்று எழுதினால் வாசகருக்கும் பொறிக்கும் அது என்னவென்று விளங்கும். பக்க முகவரியையும் தமிழில் வைக்கலாம், தேடுபொறிகள் ஏற்கும். ஆனால் அதைப் படியெடுத்து அனுப்பும்போது ‘யாழ்ப்பாணம்’ என்ற ஒரு சொல் மட்டுமே நூற்றுவீதக் (%) குறிகளோடு 99 எழுத்துகளாக விரிந்துவிடும். உரோமன் எழுத்தில் சுருக்கமான முகவரி வைப்பதையே நான் விரும்புகின்றேன்.

எச்சொல்லால் மக்கள் வந்தார்கள் என்பதை அறியக் கூகுளின் சேர்ச் கொன்சோல் சேவை கட்டணமின்றி உதவுகின்றது. தளம் எந்தத் தேடுதொடர்களுக்குத் தோன்றியது, எத்தனை பேர் சொடுக்கினர், சராசரியாக எவ்விடத்தில் நின்றது என்பவற்றை 16 மாதங்கள் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். பலமுறை தோன்றியும் எவரும் சொடுக்காத தொடர் ஒன்று இருந்தால், அதற்குரிய பக்கத்தின் தலைப்பையும் சுருக்கத்தையும் முதலில் திருத்திப் பார்க்கவேண்டும். மிகச் சிலரே தட்டிய தொடர்களைத் தனியுரிமை கருதி அச்சேவை மறைத்துவிடும். சிறிய ஊரின் சிறிய கடைக்கு அந்த மறைந்த பகுதியே பெரிதாக இருக்கக்கூடும். அதை ஈடுசெய்ய, தளத்தைப் பார்த்துக் கடைக்கு வருபவரிடம் ‘என்ன எழுதித் தேடினீங்கள்?’ என்று கேட்டு, அவர் சொல்லும் எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல் குறித்துக்கொள்ளவேண்டும்.