22/7க்குப் பின்னால் இருக்கும் கணக்கு

பையின் மதிப்பு 22/7 என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஏன் 7? 25/8 என்று வைத்திருந்தால் என்ன? கைபேசியில் கால்குலேட்டர் இருந்தால் விடையை நீங்களே பார்த்துவிடலாம்.

3.1415926536 என்று போடுங்கள். முழு எண் 3ஐக் கழித்தால் மிச்சம் 0.1415926536. ஒன்றை அந்த மிச்சத்தால் வகுத்தால் 7.0625. இந்த 7ஓடு நிறுத்திக்கொண்டால் 3 + 1/7, அதுதான் 22/7. நிறுத்த மனமில்லை என்றால் 7ஐக் கழித்துவிட்டு, மிச்சத்தால் மறுபடி ஒன்றை வகுக்கலாம்: 15.99. அப்புறம் 1. அதற்கடுத்து திடீரென்று 292! பின்னத்துக்குள் பின்னமாக இப்படி இறங்கிக்கொண்டே போவதுதான் தொடர் பின்னம்.

292க்குப் பயப்பட வேண்டாம், அது நல்ல சகுனம். கழித்துக் கழித்து மிஞ்சியது ஏறக்குறைய 1/292தான் என்று அர்த்தம். அதை விட்டுவிட்டால் பெரிய நஷ்டமில்லை. அதற்கு முன்னால் நிறுத்தினால் 355/113. ஆறு தசம இடங்கள் வரை பையோடு ஒத்துப்போகும் இந்தப் பின்னத்தை 5ஆம் நூற்றாண்டிலேயே சீனாவின் சூ சோங்ஜி சொல்லிவிட்டார். தங்க விகிதத்தில் (1.618...) இந்தச் சலுகை கிடையாது. அதில் வருவதெல்லாம் 1, 1, 1 என்று 1 மட்டுமே. எங்கே நிறுத்தினாலும் குறை இருக்கும்.

இதே வேலையை நிலாவிடம் காட்டுவோம். பூமிக்கு மிக அருகில் வந்த நிலா, மறுபடி அப்படி அருகில் வரச் சராசரியாக 27.55455 நாள் ஆகிறது. இதைக் கழித்து வகுத்துக்கொண்டே போனால் 27, 1, 1, 4, 12 என்று வருகிறது. 4ஓடு நிறுத்தினால் 248/9. அதாவது 248 நாளில் 9 சுற்று, பிசகு 13 நிமிடம். 12ஓடு நிறுத்தினால் 3031/110, பிசகு ஒரு நிமிடம்கூட இல்லை. வாக்கியப் பஞ்சாங்கம் தெரிந்தவர்களுக்கு 248, 3031 இரண்டும் பழகிய எண்கள். நிலாவின் இடத்தைச் சொல்லும் 248 சந்திர வாக்கியங்கள், நாளுக்கு ஒன்றாக, அதில் உண்டு. 248க்கு அங்கே 'தேவரம்' என்று பெயர்: எழுத்துக்கு ஓர் எண் கொடுக்கும் முறையில் தே 8, வ 4, ர 2, வலமிருந்து படித்தால் 248.

அப்புறம் ராமானுஜன். 1914இல் கேம்பிரிட்ஜில் அவர் வாணலியில் காய்கறி கிண்டிக்கொண்டிருந்தபோது, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான நண்பர் மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரைப் படித்துக் காட்டினார். 1 முதல் வரிசையாக எண்ணிட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்க வீட்டு எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கக் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கும் 500க்கும் இடையே வீடுகள் இருந்தால் அது எத்தனையாவது வீடு? ராமானுஜன் ஒற்றை விடை சொல்லவில்லை. எல்லா விடைகளையும் தரும் தொடர் பின்னத்தைச் சொன்னார்.

புதிருக்குள் ஒளிந்திருப்பது √2. அதன் எண்கள் 1, 2, 2, 2... ஒவ்வொரு படியிலும் நிறுத்தினால் 3/2, 7/5, 17/12, 41/29, 99/70, 239/169, 577/408. கடைசிப் பின்னத்தின் மேல் எண்ணில் ஒன்று குறைத்துப் பாதியாக்கினால் 288 வீடுகள். கீழ் எண்ணில் பாதி 204ஆவது வீடு. 99/70 தருவது 49 வீடுகள். புதிர் போட்டவர் ஏன் 50இல் தொடங்கினார் என்பது இப்போது புரியும். 17/12க்கு வாருங்கள்: 8 வீடு, 6ஆவது வீடு. 1 முதல் 5 வரை கூட்டினால் 15. 7உம் 8உம் 15.