சைபர் சட்ட ஆய்வுக்குப் போக நினைக்கும் யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு

யாழ்ப்பாணத்தில் சர்வதேச சட்டம் படிப்பிக்கும் என்னிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "சேர், சைபர் லோவில் ஆராய்ச்சி செய்யக் கோடிங் தெரிய வேணுமா?" தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்தச் சைபர் சட்டம் என்பதுதான் முதலில் தெளிவாக வேண்டும். ஒருவரின் கணினிக்குள் யாராவது அத்துமீறி நுழைந்தால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. ஒரு அரசு இன்னொரு நாட்டின் மின்சாரத்தையோ வங்கிகளையோ முடக்கினால் அது சர்வதேச சட்டத்தின் விஷயம். இரண்டையும் குழப்பி ஆய்வு முன்மொழிவு எழுதி, வெளிநாட்டிலிருந்து பதிலே வராமல் சோர்ந்துபோன கெட்டிக்காரப் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

2007இல் எஸ்தோனியாவின் அரசு, வங்கி, ஊடக இணையதளங்கள் தொடர்ந்து தாக்கப்பட்டன. அதன்பின் அந்நாட்டின் தலைநகர் தாலினில் அமைந்த நேட்டோ சார்ந்த சைபர் பாதுகாப்பு மையத்தின் அழைப்பில், சர்வதேச சட்ட அறிஞர் மைக்கேல் ஷ்மிட் தலைமையிலான நிபுணர்கள், சைபர் போருக்குச் சர்வதேச சட்டம் எப்படிப் பொருந்தும் என்று விளக்கும் தாலின் கையேட்டை 2013இல் வெளியிட்டார்கள். 2017இல் வந்த இரண்டாம் கையேட்டில் 154 விதிகள். அது உடன்படிக்கை அல்ல, எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. இதை மறந்து அதையே சட்டமாக மேற்கோள் காட்டும் கட்டுரைகள் நிறையவே வருகின்றன.

அந்த நிபுணர்களைப் பிரித்த கேள்வி ஒன்று எங்களுக்கு மிக நெருக்கமானது. போரில் பொதுமக்களின் பொருட்களைத் தாக்கக் கூடாது. சரி, கணினியில் இருக்கும் தரவும் அப்படியொரு பொருளா? தொட்டுணர முடியாதது என்பதால் இல்லை என்றார்கள் பெரும்பான்மையினர். பிரான்ஸ் 2019இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், பொதுமக்களின் வங்கி, மருத்துவத் தரவுகள் போன்றவை பாதுகாக்கப்பட வேண்டும் என்றது. பண்பாட்டுச் சொத்தின் மின்படியைப் பற்றியும் கையேடு பேசுகிறது: மூலம் அழிந்தோ கிடைக்காமலோ போய், படிகளும் குறைவாக இருந்தால்தான் அதற்குப் பாதுகாப்பு என்பது நிபுணர்களில் ஒரு சாராரின் கருத்து. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏடுகளோடும் எரிந்த நூலகம் எங்களுடையது. 2005 முதல் 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டம் எங்கள் பழைய பத்திரிகைகளையும் புத்தகங்களையும் மின்படிகளாகச் சேர்த்துவருகிறது. அந்தச் சேகரத்தைப் போர்க்காலத்தில் ஒருவன் அழித்தால் சட்டம் என்ன சொல்லும்? இந்த ஆய்வை எழுத எங்கள் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அடித்தளம் இல்லாமல் அங்கே போக முடியாது. பலப்பிரயோகத்தைத் தடுக்கும் ஐ.நா. சாசனத்தின் 2(4)ஆம் உறுப்புரை, தற்காப்பு உரிமை பற்றிய 51ஆம் உறுப்புரை, அரசுகளின் பொறுப்பையும் பலப்பிரயோகத்தையும் பற்றிய 1949 கோர்பு கால்வாய்த் தீர்ப்பு, 1986 நிகரகுவா தீர்ப்பு இவற்றை முழுதாகப் படியுங்கள்; சுருக்கக் குறிப்பு போதாது. தீர்ப்புகள் சர்வதேச நீதிமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சட்ட மாணவர்களுக்கான ஜெசப் சர்வதேச சட்ட மாதிரி நீதிமன்றப் போட்டியில் சேர வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். வாசிப்பு பெரும்பாலும் ஆங்கிலம்தான். அதற்குப் பயந்து ஒதுங்க வேண்டாம், பழகப் பழக வரும். அப்புறம் உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி, உங்கள் விரிவுரையாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.