கம்பைல்: தொகுப்பா, பெயர்ப்பா?

ஒரு மென்பொருளை அதன் மூலநிரலிலிருந்து நிறுவுவது என்று பேச்செடுத்தாலே அடுத்து வரும் சொல் கம்பைல் (compile), அதாவது மனிதர் எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றுவது. தமிழில் இதைத் தொகுத்தல் என்றும் எழுதுகிறார்கள், நிரல்பெயர்த்தல் என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றில்லை.

லத்தீனில் கொம்பிலாரே என்றால் கொள்ளையடிப்பது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து, பல இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்து நூலாக்குவது என்று ஆகிவிட்டது (இணையத்தில் சிலர் செய்வதைப் பார்த்தால் பழைய பொருளும் தப்பில்லை). 1952-இல் கணினி அறிவியலாளர் கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய ஏ-0 என்ற நிரல் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த துணைநிரல்களை எடுத்துக் கோத்து ஒரே நிரலாக்கித் தந்தது, அதனால் கம்பைலர் என்ற பெயர் அதற்குக் கச்சிதம். அப்புறம் 1957-இல் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி வந்தது, கம்பைலரின் வேலை இயந்திர மொழிக்கு மொழிபெயர்ப்பதாக மாறியது, பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆகவே 'தொகுப்பி' சொல்லின் வேரைப் பிடிக்கிறது, 'நிரல்பெயர்ப்பி' இன்றைய வேலையைப் பிடிக்கிறது.

தொல்காப்பிய மரபியல், முதல்நூலைப் பின்பற்றி எழுதும் வழிநூலை நான்கு வகையாகப் பிரிக்கும்போது தொகுத்தலையும் மொழிபெயர்த்தலையும் தனித்தனியாகத்தான் வைக்கிறது. நமக்கும் அந்தப் பிரிவு தேவைப்படுகிறது.

ஒரு கணினிக்குள் மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருளான கியூஎமுவை (QEMU) எடுத்துக்கொள்ளுங்கள். அமைப்புகளைச் சரிசெய்யும் கான்ஃபிகர் (configure) கட்டளையை முடித்து மேக் (make) கட்டளை கொடுத்ததும், சி மொழியில் எழுதிய ஒவ்வொரு கோப்பும் இயந்திர மொழியில் ஓர் ஆப்ஜெக்ட் கோப்பாக மாறுவது திரையில் எண்ணிக்கையோடு ஓடும். அது பெயர்ப்பு. கடைசியில் அவற்றையெல்லாம் நூலகங்களோடு இணைத்து இயங்கு கோப்பு ஆக்குவதுதான் தொகுப்பு. சும்மா விட்டால் ஏஆர்எம், மிப்ஸ் என்று அது ஆதரிக்கிற எல்லாச் செயலிக் கட்டமைப்புகளுக்கும் செய்துகொண்டே போகும், கான்ஃபிகரிலேயே டார்கெட்-லிஸ்ட் (--target-list) போட்டு வேண்டியதை மட்டும் கேட்டுவிடுவது நல்லது. கியூஎமுவுக்குத் தேவையான ஜிலிப் (GLib) நூலகம் இல்லை என்று நடுவில் நின்றால், டெபியன் லினக்ஸில் அதன் '-டெவ்' (-dev) பொதியை நிறுவ வேண்டும். நூலகம் ஏற்கெனவே இருந்தாலும் நிரல்பெயர்ப்புக்குத் தேவையான தலைப்புக் கோப்புகள் (header files) அந்தப் பொதியில்தான் இருக்கும்.

மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்க நாம் திறக்கிற விர்ட்-மேனேஜர் (virt-manager) கதையே வேறு. அது பைத்தானில் எழுதியது, இயந்திர மொழிக்குப் பெயர்க்க அதில் ஒன்றுமில்லை, கோப்புகள் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். அதைக் 'கம்பைல் செய்து நிறுவினேன்' என்று எழுதுவது எந்தப் பொருளிலும் சரிவராது, 'மூலத்திலிருந்து நிறுவினேன்' என்றாலே போதும். மற்றபடி கோப்பளவில் நடப்பதற்கு நிரல்பெயர்ப்பு, மொத்த வேலைக்குத் தொகுத்தல் என்று வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம்.