அழுவதை நிறுத்திய குழந்தைகள்

ருமேனியாவின் குழந்தைக் காப்பகங்களுக்குள் போய்ப் பார்த்த ஆராய்ச்சியாளர்களை முதலில் திடுக்கிட வைத்தது அங்கிருந்த அமைதி. வரிசையாகத் தொட்டில்கள், எல்லாவற்றிலும் கைக்குழந்தைகள், ஆனால் அழுகைச் சத்தமே இல்லை. அழுதால் யாராவது வருவார்கள் என்று தெரிந்த குழந்தைதான் அழும். பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஓர் ஆயா, அவரும் ஷிஃப்ட் முடிந்தால் மாறிவிடுவார் என்கிற இடத்தில், அழுவது வீண் என்பதைச் சில மாதங்களிலேயே குழந்தைகள் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

மக்கள்தொகையைப் பெருக்க வேண்டும் என்று, அப்போது ருமேனியாவை ஆண்ட சௌசெஸ்கு அரசு 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை அரசிடம் விட்டன. 1989-இல் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் காப்பகங்களில் இருந்தார்கள்.

2000-க்குப் பிறகு சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா என்ற மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். மறு பாதி காப்பகத்திலேயே இருந்தது. படிக்கவே சங்கடமாக இருக்கிறது, இல்லையா? அன்றைய புகாரெஸ்டில் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே அநேகமாக இல்லை; அதை உருவாக்கியதே இந்தக் குழுதான். பின்னாளில் வீடு கிடைத்தால் எந்தக் குழந்தையும் போவதைத் தடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தார்கள். அப்படியும் சங்கடம் முழுதாகத் தீராது.

நான்கரை வயதில் பார்த்தபோது, காப்பகக் குழந்தைகளின் சராசரி ஐ.க்யூ. 73. வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81. காப்பகத்தையே பார்க்காத உள்ளூர்க் குழந்தைகளுக்கு 109. இரண்டு வயதுக்கு முன்பே வீட்டுக்குப் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள்.

ஐ.க்யூ.வைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உடலுக்குள் நடப்பது. பயமோ பசியோ வலியோ வந்தால் மூளையின் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும். அது சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் சொல்லும். அங்கிருந்து கார்டிசால் என்ற, பதற்றத்தைச் சமாளிக்க உதவும் ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். ஆபத்து போனதும் மூளையே அதை அடக்கும். ஆனால் கைக்குழந்தைக்கு இந்த அடக்கும் வேலை தானாக வராது. யாராவது தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக் கொடுக்க வேண்டும். அது ஆயிரக்கணக்கான முறை நடந்த பிறகுதான் அந்தச் சுற்று தன்னைத்தானே தணித்துக்கொள்ளப் பழகுகிறது.

தூக்க ஆளே இல்லாவிட்டால்? சாதாரணமாகக் கார்டிசால் காலையில் ஏறி, இரவுக்குள் இறங்கிவிடும். காப்பகக் குழந்தைகள் பலருக்குக் காலையில் அது ஏறுவதே இல்லை, நாள் முழுக்க மந்தமாகவே இருக்கிறது. புகாரெஸ்ட் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது வாக்கில், மற்றவர் முன்னால் பேசச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிச் சோதித்தார்கள். காப்பகத்தில் வளர்ந்தவர்களின் உடல் அந்தப் பதற்றத்துக்கு அவ்வளவாக அசைந்து கொடுக்கவில்லை. இரண்டு வயதுக்குள் வீட்டுக்குப் போனவர்களுக்கோ கார்டிசால் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஏறியது.

புறக்கணிப்புக்குப் பதில் அடி உதையில் வளர்ந்த குழந்தையின் கதை வேறு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் செத் பொல்லாக் செய்த ஆய்வுகளில், மங்கலாகத் தொடங்கி மெல்லத் தெளிவாகும் முகப் படங்களைக் காட்டினார்கள். அடி வாங்கிய குழந்தைகள் மற்றவர்களுக்கு முன்பே கோபமுகத்தைக் கண்டுபிடித்தார்கள். அப்பா எப்போது கை ஓங்குவார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய வீட்டில் அது உயிர்காக்கும் திறமை. அதே திறமையோடு பள்ளிக்கூடம் போனால், டீச்சர் லேசாகப் புருவத்தைச் சுருக்கினாலே மேசையைத் தள்ளிவிட்டு ஓடும்.

இந்தப் பின்னணி தெரிந்தால், இப்படிப்பட்ட குழந்தையை வளர்ப்பவர்கள் புலம்பும் பல விஷயங்களுக்கு அர்த்தம் பிடிபடும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, தலையணைக்கு அடியில் பிஸ்கட்டை ஒளித்து வைப்பது திருட்டு அல்ல. அடுத்த வேளை வரும் என்று அந்த உடம்பு இன்னும் நம்பவில்லை. பூட்டி வைத்தால் ஒளிப்பது கூடத்தான் செய்யும். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் பழமோ பொரியோ வைத்து, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று விடுவதுதான் இத்துறையில் இருப்பவர்கள் சொல்லும் வழி. அப்புறம், முன்பின் தெரியாதவர் மடியிலும் ஏறிக்கொள்வது. 'எல்லார்கிட்டயும் எவ்வளவு அழகா ஒட்டிக்குது!' என்று உறவினர் மெச்சுவார்கள். மெச்சுவதற்கில்லை, தனக்கென்று ஒருவர் இல்லாததன் அடையாளம் அது. நல்ல குடும்பத்துக்குப் போன பிறகும் இந்தப் பழக்கம் லேசில் போவதில்லை என்று ருமேனியக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன.

இதில் பெற்றோருக்குச் சிக்கலான இடம் ஒன்று உண்டு. குழந்தை விழுந்து முழங்கால் சிராய்கிறது. அழாமல், உங்களைப் பார்க்காமல், தானே எழுந்து போய் மூலையில் உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்தில் போனால் கையைத் தட்டிவிடுகிறது. 'சரி, தைரியசாலி, விட்டுவிடலாம்' என்று நமக்குத் தோன்றும். டெலாவேர் பல்கலைக்கழகத்தின் மேரி டோசியர் உருவாக்கிய பயிற்சி இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து பத்து அமர்வுகள் நடத்துவார். குழந்தை தள்ளிவிட்டாலும் ஆறுதல் கொடுக்கப் பக்கத்தில் இரு, விளையாட்டில் அதன் போக்குக்குப் போ, பயமுறுத்தாதே: சாரம் இவ்வளவுதான். இந்தப் பயிற்சி பெற்ற பெற்றோரின் குழந்தைகளுக்குக் காலையில் ஏறி இரவில் இறங்கும் கார்டிசால் ஒழுங்கு திரும்பியது. வருடங்கள் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் இருந்தது.

பயமுறுத்தாதே என்பதில் நம் வீடுகளின் 'சேட்டை பண்ணினா ஹாஸ்டல்ல விட்டுடுவேன்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒரு முறை விடப்பட்ட குழந்தைக்கு அது வெறும் மிரட்டல் அல்ல, அனுபவம். தனியறையில் அடைப்பதும் அப்படித்தான்.

சரி, எல்லா நேரமும் பொறுமையாக இருக்க யாரால் முடியும்? யாராலும் முடியாது, தேவையும் இல்லை. தாய் சேய் விளையாட்டைப் படம்பிடித்து நொடி நொடியாக ஆராய்ந்த எட்வர்ட் ட்ரோனிக், இயல்பான ஜோடிகளிலும்கூட இருவரும் ஒத்துப்போகும் நேரம் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண்டார். மற்ற நேரமெல்லாம் பிசகுவதும் மறுபடி சேர்வதும்தான். கத்திவிட்டீர்களா, கொஞ்ச நேரம் கழித்துப் போய் 'அம்மா சத்தம் போட்டுட்டேன், தப்பு' என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள்.

இரண்டு வயது தாண்டிய குழந்தையைத் தத்தெடுத்தவர்களுக்கு மேலே சொன்ன எண்கள் கலக்கத்தைத் தரலாம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மேகன் குன்னர் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வு அவர்களுக்கானது. காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்ட, 7 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளைப் பார்த்தபோது, பதற்றமான நேரத்தில் மந்தமாக இருந்த கார்டிசால் பருவமடையும் காலத்தில் மற்றப் பிள்ளைகளுடையதைப் போல ஏறத் தொடங்கியிருந்தது. உடல் அந்த வயதில் தன் சூழலை இன்னொரு முறை அளந்து பார்ப்பதாகத் தெரிகிறது. அவர்கள் எல்லோரும் அதற்குள் பல வருடங்கள் ஒரே வீட்டில், ஒரே பெற்றோரிடம் வளர்ந்திருந்த பிள்ளைகள்.