எக்ஸ்ட்ராக்ட்: சாறா, சாரமா, வடிசாறா?

வேலூர் லாங் பஜார் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலி விதை கேட்டால், பளபளக்கும் விதைகளை நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அதே விதை மாத்திரையாகிப் புட்டியில் வரும்போது லேபிளில் 'எக்ஸ்ட்ராக்ட்' என்று ஒரு சொல் சேர்ந்துகொள்கிறது. அதன் மருத்துவ ஆய்வுகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'விதைச்சாறு' என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

இச்சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'எக்ஸ்' என்றால் வெளியே, 'ட்ராஹெரே' என்றால் இழு. வெளியே இழுக்கப்பட்டது என்பதே பொருள். ஏர் இழுக்கும் டிராக்டரும் இதே வேரில் பிறந்த சொல்தான். பல் பிடுங்குவதையும் மருத்துவமனையில் எக்ஸ்ட்ராக்‌ஷன் என்றே சொல்கிறார்கள்.

சாறு என்றால் நமக்குக் கரும்பும் எலுமிச்சையும் நினைவுக்கு வரும். ஈரம் உள்ளதைப் பிழிந்தால் சாறு. காய்ந்த பூனைக்காலி விதையை எந்தச் செக்கில் போட்டாலும் சாறு இறங்காது. 'சாரம்' என்று எழுதலாமே என்றால், அதே மருந்துக் கடையில் நவச்சாரம் விற்கிறது. அது உப்பு வகை. கசாயம், குடிநீர் என்பவை நல்ல சொற்கள். ஆனால் அவை தண்ணீரில் காய்ச்சி எடுப்பதை மட்டுமே குறிக்கும்.

ஆய்வகத்தில் நடப்பது வேறு. தோல் நீக்கிய விதையைப் பொடியாக்கிச் சாக்ஸ்லெட் என்னும் கண்ணாடிக் கருவியில் வைக்கிறார்கள். கீழே கரைப்பான் கொதிக்கிறது. ஆவி மேலே போய்க் குளிர்ந்து பொடியின்மேல் சொட்டுகிறது. அறை நிறைந்ததும் பக்கத்துக் குழாய் வழியாகத் தானே கீழே இறங்கி, மறுபடி கொதிக்கிறது. மணிக்கணக்காக இந்தச் சுற்று ஓடும். முதலில் ஹெக்சேன் ஊற்றிக் கொழுப்பை நீக்குவார்கள், அப்புறம் மெத்தனால் போன்ற வேறு கரைப்பான். கடைசியில் கரைப்பானை ஆவியாக்கினால், கலத்தின் அடியில் பிசின்போல் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மிஞ்சும். எக்ஸ்ட்ராக்ட் என்பது அதுதான்.

எந்தக் கரைப்பான் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பூனைக்காலி விதையில் லெவோடோபா என்னும் வேதிப்பொருள் இருப்பதை 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பின்னாளில் பார்க்கின்சன் நோய்க்கு முதன்மை மருந்தானது இதே பொருள். அமிலம் கலந்த நீரில் அது நன்றாகக் கரையும், ஹெக்சேனில் கரையாது. ஆக, ஒரே விதையிலிருந்து எடுத்த இரண்டு எக்ஸ்ட்ராக்டுகளில் ஒன்று எலியிடம் வேலை செய்யும், மற்றொன்று சும்மா இருக்கும். ஹாலோபெரிடால் என்னும் மனநோய் மருந்தைக் கொடுத்து, பார்க்கின்சன் நோயில்போல் உடல் விறைத்த எலியின் முன்கால்களை ஒரு கம்பியின்மேல் தூக்கி வைத்து, அது எவ்வளவு நேரம் அப்படியே நிற்கிறது என்று பார்ப்பது இவ்வகை ஆய்வுகளில் வழக்கம். மருந்து பிடித்தால் எலி சீக்கிரம் காலை இறக்கிவிடும். அந்த முடிவை வெறுமனே 'விதைச்சாறு' என்று எழுதினால், எதைக் கொடுத்தார்கள் என்ற செய்தியே காணாமல் போகிறது.

பேர்போன மனித ஆய்வு ஒன்றும் இப்படித்தான் திரிந்து பரவுகிறது. 2004இல் வெளியான அந்த லண்டன் ஆய்வில் பார்க்கின்சன் நோயாளிகள் 8 பேர். 30 கிராம் பூனைக்காலித் தயாரிப்பு சுமார் 35 நிமிடத்திலும், வழக்கமான லெவோடோபா மாத்திரை சுமார் 69 நிமிடத்திலும் வேலை செய்யத் தொடங்கின. கொடுத்தது விதைப்பொடித் தயாரிப்பு. சாறு என்று அதை எப்படிச் சொல்வது?

'வடிசாறு' என்பதே என் தேர்வு. சோறு வடிக்கிறோம், எண்ணெயை வடிகட்டுகிறோம். ஒன்றிலிருந்து வேண்டியதைப் பிரிப்பது வடித்தல் என்று யாருக்கும் தெரியும். முன்னால் கரைப்பானையும் சேர்த்துவிடலாம்: நீர் வடிசாறு, எத்தனால் வடிசாறு. உலர்த்திப் பொடியாக்கியது உலர் வடிசாறு.

இந்த வேறுபாடு மருந்தளவிலேயே தெரியும். 5 சதவீதம் லெவோடோபா உள்ள விதைப்பொடி 500 மி.கி. சாப்பிட்டால் உள்ளே போவது 25 மி.கி. 15 சதவீதம் என்று லேபிளில் போட்ட உலர் வடிசாறு அதே 500 மி.கி. என்றால் 75 மி.கி. ஏற்கெனவே லெவோடோபா மாத்திரை எடுப்பவர் வீட்டில் இருந்தால், புட்டியைத் திறக்கும் முன் மருத்துவரிடம் காட்ட வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.