நாடித்துடிப்பு ஏறவில்லை என்றால் சோம்பேறித்தனமா?

டிசம்பர் கடைசி வாரம் என் அறையில் சேற்று வாசம் அடிக்கும். வருகிறவர்கள் குளித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனாலும் காது மடலுக்குப் பின்னால், நக இடுக்கில், கணுக்கால் மடிப்பில் ஃபிளாண்டர்ஸ் (பெல்ஜியத்தின் வடபகுதி) மண் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டிலில் விரிக்கும் வெள்ளைத் துணியை அந்த வாரம் மட்டும் கறுப்புக்கு மாற்றிவிடுவேன்.

நான் பெல்ஜியத்தில், கென்ட் நகரத்துக்கு வெளியே பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். குளிர்காலத்தில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சைக்கிளோகிராஸ் ஓட்டுகிறவர்கள். பெயரே கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேய்ச்சல் நிலம், மணல்மேடு, கோட்டைச் சரிவு என்று கிடைத்த இடத்தில் மூன்று கிலோமீட்டர் அளவுக்கு ஒரு பாதை போட்டு, அதையே சுற்றிச் சுற்றி ஓட்டுவது. டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. ஓட்ட முடியாத சரிவில் இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். சேறு அதிகமான நாளில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை சைக்கிளையே மாற்றுவார்கள். அடுத்த அரைச் சுற்றுக்குள் மெக்கானிக் பழையதைக் கழுவி வைத்திருப்பார். முதல்தர ஆண்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், பெண்களுக்கு ஐம்பது நிமிடம். கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். அந்த நேரம் முழுக்க இதயம் தன் உச்சத்துக்குப் பக்கத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும் என்பதுதான் விஷயம்.

சீசன் இலையுதிர் காலத்தில் தொடங்கி பிப்ரவரி வரை போகும். நவம்பர் 1 அன்று கோப்பன்பெர்க் என்ற கல் பாவிய ஏற்றத்தில் போட்டி. ஜனவரி 1 அன்று பால் என்ற ஊரில் (நாம் குடிக்கும் பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). நடுவே கிறிஸ்துமஸ் வாரங்களில் ஏறக்குறைய தினம் ஒரு போட்டி. ஊரே விடுமுறையில் இருக்கும், கையில் பீரும் உருளைக்கிழங்கு வறுவலுமாகக் கயிற்றோரம் நிற்கும். ஓட்டுகிறவனின் உடம்புக்குத்தான் விடுமுறை இல்லை.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வாரத்தில் இருபது வயதுப் பையன் ஒருவன் அப்பாவோடு வந்தான். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இடது தொடையில் இறுக்கம் என்றான். அப்பாவின் புகார் வேறு. கைப்பேசியில் முந்தின நாள் போட்டியின் நாடித்துடிப்பு வரைபடத்தை என் முன்னால் நீட்டினார். "அக்டோபர்ல 196 வரைக்கும் போனான். நேத்து 181-ஐத் தாண்டவே இல்லை. அவன் முழு மூச்சா ஓட்டலைங்க. மனசு வேற எங்கேயோ இருக்கு." நாங்கள் பேசியது டச்சு மொழியில்தான். ஆனால் அந்தக் குரல் எந்த ஊர் அப்பாவுக்கும் உரியது.

பையன் பதில் சொல்லவில்லை. தொடையைப் பிடித்துவிட ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிட்டான். இறுகிய தொடையைப் பிடிக்கும்போது வலி உயிர் போகும், யாரும் தூங்க மாட்டார்கள். எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

எழுந்ததும், காலையில் நாடி பார்ப்பாயா என்று கேட்டேன். பார்க்கிறானாம், செயலியில் பதிகிறானாம், யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லையாம். வாங்கிப் பார்த்தேன். நவம்பர் முழுக்க 44, 45, 44. டிசம்பர் முதல் வாரம் 48. பிறகு 51, 53. ஓய்வில் இருக்கும்போது ஏறுகிறது, போட்டியில் ஏற மறுக்கிறது. செப்டம்பரிலிருந்து மூன்று கிலோ குறைந்திருந்தான். மணலில் மிதக்க வேண்டுமானால் எடை குறையணும் என்று யாரோ சொன்னார்களாம், அதனால் ராத்திரிச் சோற்றை, அதாவது அவர்கள் ஊர் உருளைக்கிழங்கை, நிறுத்திவிட்டான்.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். களைப்பு மேல் களைப்பாகச் சேர்ந்த உடம்பில், எவ்வளவு மிதித்தாலும் நாடித்துடிப்பு பழைய உச்சத்தைத் தொடாது. அதே வேகத்தில் போக முன்பைவிட அதிகம் கஷ்டப்படுவான், எண்ணோ முன்பைவிடக் குறைவாகக் காட்டும். வரைபடத்தைப் பார்க்கிறவருக்கு 'இவன் முயற்சி பண்ணவில்லை' என்றுதான் தோன்றும். அடுத்த வாரம் பயிற்சியைக் கூட்டுவார்கள். குழியில் விழுந்தவனுக்கு மண்வெட்டி கொடுப்பது போலத்தான் அது.

கிரிக்கெட்டில் 'ஃபார்ம் அவுட்' என்றால் நமக்கு மட்டையும் பந்தும் பழகாத பிரச்சினை. வலையில் இன்னும் இரண்டு மணி நேரம் ஆடினால் திரும்பி வந்துவிடும். சைக்கிளில் அப்படி இல்லை. சில நாள் ஓய்வில் சரியாகிற களைப்பு உண்டு, அது பயிற்சியின் ஒரு பகுதி. சில வாரங்கள் கேட்கும் களைப்பு உண்டு. அதையும் மீறினால் மாதக்கணக்கு, சிலருக்கு ஒரு சீசனே போய்விடும். எந்தப் படியில் நிற்கிறான் என்பது ஒரே நாள் பரிசோதனையில் தெரியாது. அதுதான் கஷ்டம்.

மரியானே வோஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-க்குள் ஏழு முறை சைக்கிளோகிராஸ் உலகப் பட்டம் வென்றவர். சாலையிலும் மலைச் சைக்கிளிலும் விடாமல் ஓட்டியவர். 2015-இல் தொடையின் பின்தசைக் காயம், கூடவே அளவு மீறிய பயிற்சியின் களைப்பு என்று அந்த ஆண்டே ஏறக்குறையக் கைவிட்டுப் போயிற்று. எட்டாவது பட்டம் 2022-இல், அமெரிக்காவின் ஃபயட்வில்லில்தான் வந்தது. அவருக்கே நடந்திருக்கிறது என்று சொன்னால் இளம் பிள்ளைகள் கொஞ்சம் காது கொடுக்கிறார்கள்.

அப்பாக்கள் காட்டும் உதாரணம் எப்போதும் மத்தியூ வான் டெர் பூல், பலமுறை சைக்கிளோகிராஸ் உலகப் பட்டம் வென்ற நெதர்லாந்துக்காரர். 2023-24 சீசனில் 14 போட்டிகளில் இறங்கி 13 வென்றார், ஸ்பெயினின் பெனிடார்மில் மட்டும்தான் தோற்றார். சரி. ஆனால் அந்த சீசனை அவர் தொடங்கியதே டிசம்பர் பாதியில். கோடையிலிருந்து எத்தனை வாரம் ஓய்வு, அதற்கப்புறம் எத்தனை வாரம் நிதானமான பயிற்சி என்பதெல்லாம் டிவியில் வராது. நம் பையன் செப்டம்பரிலிருந்து வாரம் ஒன்றிரண்டு என்று ஓட்டி 26-ஆம் தேதி வந்து நிற்கிறான். இருவரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள் என்பதற்காக ஒப்பிட்டால் எப்படி? அதே வான் டெர் பூலே 2021 டிசம்பரில் இரண்டே போட்டியோடு முதுகு வலியால் சீசனை மூடினார், உலகப் போட்டிக்கும் போகவில்லை. மூன்று மாதம் கழித்து ஃபிளாண்டர்ஸ் சாலைப் போட்டியை வென்றார். நிறுத்தத் தெரிந்ததை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

முதுகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு வளைவிலும் கிட்டத்தட்ட நின்ற நிலையிலிருந்து கனமான கியரை உதைத்துக் கிளம்ப வேண்டும். கால் தள்ளும் விசையை இடுப்புதான் பிடித்து நிறுத்துகிறது. களைத்த இடுப்பு பிடியை விட்டால் கீழ்முதுகு வலிக்கும். அதற்கு முதுகை மட்டும் பிடித்துவிட்டுப் பயனில்லை.

எல்லாமே களைப்புதான் என்று சொல்ல வரவில்லை. ஒரு காலில் மட்டும், அதுவும் உச்ச வேகத்தில் மட்டும் சக்தி போய், நிறுத்தினால் சில நிமிடத்தில் சரியாகிவிடுகிறது என்றால் நான் தசையைத் தொடுவதோடு நிறுத்த மாட்டேன். இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் ரத்தக்குழாய், குனிந்து மிதித்து மிதித்து, தடித்தோ மடங்கியோ போயிருக்கலாம். படுத்திருக்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. சைக்கிள் ஓட்டவைத்து உடனே இரு கால்களின் ரத்த அழுத்தத்தையும் அளக்கத் தெரிந்த மருத்துவரிடம் போக வேண்டும். போலீன் ஃபெரான்-பிரேவோ 2015-இல் சாலை, சைக்கிளோகிராஸ், மலைச் சைக்கிள் மூன்றிலும் ஒரே நேரத்தில் உலக சாம்பியனாக இருந்தார். பிறகு வந்த சறுக்கலுக்கு அந்தக் குழாய் ஒரு காரணம் என்று தெரிந்து அறுவை சிகிச்சை நடந்தது 2019-இல். உலகக் கோப்பைத் தொடரை வென்ற எலி இசர்பைட் அதே மாதிரி ரத்தக்குழாய்ப் பிரச்சினையால் 2025 டிசம்பரில், 28 வயதில், ஓட்டுவதையே விட வேண்டி வந்தது. இதைப் படிக்கிற யாருக்காவது ஒரு தொடை மட்டும் 'மரத்துப்போகிறது' என்றால் இந்தப் பத்தியை மருத்துவரிடம் காட்டுங்கள். (நம் பையனுக்கும் இடது தொடையில் மட்டும் என்பதால் அனுப்பிப் பார்த்தேன். அவனுக்கு அது இல்லை.)

இருமல் இன்னொன்று. குளிர்ந்த, வறண்ட காற்றை ஒரு மணி நேரம் வாயால் இழுத்தால் மூச்சுக்குழாய் காய்ந்து சுருங்கும். போட்டி முடிந்து பத்து நிமிடத்தில் தொடங்கும் வறட்டு இருமலும் விசில் சத்தமும் இங்கே சகஜம் என்றே விட்டுவிடுகிறார்கள். ஊதிப் பார்க்கும் சோதனை செய்தால் சிலருக்கு மருந்து தேவைப்படும். ஆனால் காய்ச்சலும் உடம்பு வலியும் நெஞ்சுச் சளியும் இருந்தால் எந்தச் சோதனைக்கும் காத்திருக்காதீர்கள், சைக்கிளை ஓரம் கட்டுங்கள். அந்தக் கிருமி இதயத் தசைக்குப் போனால் விளையாட்டு இல்லை.

சேற்றைச் சாப்பிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மாடு மேய்ந்த நிலத்தில்தான் பல பாதைகள். 2007-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், 2008-இல் வேல்ஸிலும், சேறு நிறைந்த சைக்கிள் போட்டிக்குப் பிறகு ஓட்டியவர்கள் கூட்டமாக வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். காம்பைலோபாக்டர் கிருமி. எல்லைக்கோடு தாண்டியதும் சேற்றுக் கையால் வாழைப்பழம் உரிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கை பதறும். முதலில் வாய் கொப்பளி, அப்புறம் ஈர உடுப்பைக் கழற்று, அப்புறம் சாப்பிடு. இந்த வரிசையில் நடுவில் இருப்பதைத்தான் அதிகம் பேர் தள்ளிப்போடுகிறார்கள். பேட்டி, படம், நண்பர்கள் என்று நனைந்த உடுப்போடு நிற்பார்கள். மிதிப்பதை நிறுத்தியதும் உடம்பின் சூடு மளமளவென்று இறங்கிவிடும்.

அந்தப் பையனுக்கு நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மருத்துவரிடம் அனுப்பினேன், ரத்தப் பரிசோதனை நடந்தது, உணவு ஆலோசகர் உருளைக்கிழங்கைத் திருப்பிக் கொடுத்தார். பத்து நாள் சைக்கிள் கிடையாது. பிறகு மூன்று வாரம், பேசிக்கொண்டே ஓட்டும் வேகம் மட்டும். அப்பாவிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன்: போட்டியின் வரைபடத்தைப் பார்க்காதீர்கள், காலையில் அவன் பதிகிற எண்ணைப் பாருங்கள், எப்படித் தூங்கினாய் என்று கேளுங்கள். நாலைந்து துடிப்பு கூடி இரண்டு மூன்று நாள் இறங்காமல் நின்றால் என்னைக் கூப்பிடுங்கள். முகம் சுளித்தார், ஆனால் செய்தார்.

ஜனவரி கடைசியில் காலை எண் 46-க்கு வந்தது. பிப்ரவரியில் ஒரு சின்ன ஊர்ப் போட்டியில் ஒன்பதாவதாக வந்தான். அன்று நாடித்துடிப்பு 194 வரை போனதாம், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான்.

அடுத்த செப்டம்பரில் அப்பாவும் பிள்ளையும் மறுபடி வந்தார்கள், சும்மா பார்த்துவிட்டுப் போக. சீசன் அட்டவணையை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். டிசம்பர் 20-இலிருந்து ஜனவரி 1-க்குள் ஆறு போட்டிகள். அதில் நாலின் மேல் பென்சிலால் கோடு போட்டிருந்தது. கோடு யார் போட்டது என்று கேட்டேன். பையன் அப்பாவைக் கை காட்டினான். அவர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.